பாறையில் வரைந்தவர்களிடமே கேட்டால் என்ன?

கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் இலங்கைப் பழங்குடிகளான வேடர்களின் வியாபாரம் ஒன்றைச் சொல்கிறார். அம்புமுனை தேவைப்பட்டால் அவர்கள் இரவோடு இரவாகக் கொல்லனின் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிடுவார்கள். வேண்டிய அம்புமுனையின் வடிவில் வெட்டிய இலை ஒன்றையும் அதனோடு வைத்துவிட்டுப் போவார்கள். பேச்சுக்கே இடமில்லை. இலையைப் பார்த்ததும் கொல்லனுக்கு எல்லாம் விளங்கிவிடும், ஏனென்றால் அதை வெட்டியவர்கள் யார், எதற்காக வெட்டினார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

வெட்டியவர்கள் மறைந்து வடிவம் மட்டும் எஞ்சினால் என்ன செய்வது? பாறை ஓவியங்களைப் படிக்க முனைந்தவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தடுமாறினார்கள்.

1850இல் சகாராவைக் கடந்துகொண்டிருந்த ஜெர்மன் பயணி ஹைன்ரிக் பார்த், லிபியாவின் பெஸ்ஸான் பகுதியில் பாறையில் செதுக்கிய மாடுகளைக் கண்டார். எங்கு பார்த்தாலும் மணல், ஆனால் பாறையில் மாடு! ஒட்டகம் ஒன்றுகூட இல்லை. ஒட்டகம் வருவதற்கு முன் இந்த வழியில் மாடுகள் நடந்திருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். படத்தில் இல்லாததை வைத்து அவர் செய்த இந்த ஊகம் இன்றும் நிலைக்கிறது.

கேட்டு அறியும் வழி திறந்தது ஒரு தற்செயலால். 1873இல் தென்னாபிரிக்காவில் லங்கலிபலேலே என்ற குடித்தலைவர் ஆங்கில ஆட்சியிடமிருந்து தப்பியோட, அவரை மறிக்க மலுட்டி மலைகளுக்குள் போனார் ஜோசப் ஓர்ப்பன் என்ற நீதவான். வழிகாட்டியாக வந்தவர் கிங் என்ற சான் பழங்குடி இளைஞர். குகை ஓவியங்களைக் கண்ட ஓர்ப்பன் அவற்றைப் படியெடுத்து, கிங் சொன்ன கதைகளையும் எழுதிக்கொண்டார். படிகள் கேப் டவுனில் மொழியறிஞர் வில்ஹெல்ம் பிளீக்கின் கைக்கு வந்தன. பிளீக் தமக்குச் சான் மொழி ஒன்றைக் கற்பித்துவந்த டியாக்வைன் என்ற இன்னொரு சான் மனிதரிடம் அவற்றைக் காட்டினார். கயிறு கட்டி இழுக்கப்படும் விலங்கு வெறும் விலங்கல்ல, மழைமிருகம் என்றார் டியாக்வைன். அதை நிலத்தின் குறுக்கே நடத்திச் சென்றால் மழை வரும். எந்த அறிஞரும் தன் மேசையில் இருந்தபடி இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

அதே கேள்வி 1907–08இல் இலங்கைக்கு வந்தது. சார்ல்ஸ் செலிக்மனும் அவர் மனைவி பிரெண்டாவும் வேடர்களிடையே அலைந்து எழுதிய நூல் 1911இல் வெளியானது. குகைச் சுவர்களில் இருந்த உருவங்களை வரைந்தது யார் என்று கேட்டதற்கு வந்த பதில்: பெண்கள். வேட்டைக்குப் போன ஆண்கள் திரும்பும்வரை, சாம்பலை எச்சில் விட்டு உள்ளங்கையில் குழைத்து, விரலால் தொட்டு வரைவார்களாம். மந்திரம் இல்லை, வேட்டைச் சடங்கு இல்லை, பொழுதுபோக்குத்தான். வேட்டை மந்திரம் என்ற கருத்தில் ஐரோப்பா மயங்கிக் கிடந்த காலத்தில் வந்த இந்த எளிய பதிலுக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

செலிக்மன் தம்பதியர் அடுத்துப் போனது சூடானுக்கு, மாடும் ஒட்டகமும் மேய்ப்பவர்களிடம். அங்கே டிங்கா, நூவர் மக்கள் தமக்குப் பிரியமான காளையின் கொம்பை இளமையிலேயே வெட்டி, விரும்பிய பக்கம் வளைந்து வளரச் செய்வார்கள். அப்படி வளைந்த கொம்புகள் பழைய எகிப்தியக் கல்லறைச் சுவர்களிலும் இருக்கின்றன, சகாராப் பாறைகளிலும் இருக்கின்றன. ஓவியர் கைதவறி வரைந்த கோணல் என்று ஒதுக்கியிருக்கக்கூடிய ஒன்று, மேய்ப்பரின் செல்லக் காளை ஆகிவிட்டது.

கேட்காமல் படித்தவர்களும் இருந்தார்கள். 1956–57இல் அல்ஜீரியாவின் தஸ்ஸிலி மலையில் நூற்றுக்கணக்கான ஓவியங்களைப் படியெடுத்த ஹென்றி லோத், பெருந்தலை உருவம் ஒன்றுக்கு ‘செவ்வாய்க் கிரகக் கடவுள்’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு விண்வெளி மனிதர் கதைகள் உலகெங்கும் கிளம்பின. நிறம் துலங்கத் தண்ணீர் தெளித்துத் துடைத்ததில் மூல ஓவியங்கள் மங்கின. அவர் பெருமையோடு வெளியிட்ட எகிப்திய சாயல் கொண்ட பறவைத்தலைப் பெண்கள் போலி என்று பிற்பாடு தெரியவந்தது.

அதே படிகளை மாலி நாட்டு எழுத்தாளர் அமடூ ஹம்பாத்தே பா வேறு கண்ணால் பார்த்தார். ஃபுலானி மேய்ப்பர் மரபில் பிறந்தவர் அவர். மாடு நீரிலிருந்து வந்தது என்று கொண்டாடும் லோத்தோரிச் சடங்கை அவற்றில் கண்டதாக, ஜெர்மேன் தியெத்தெர்லேனுடன் சேர்ந்து 1966இல் எழுதினார். இடையில் ஓடிய ஆயிரக்கணக்கான ஆண்டுகளைச் சுட்டிப் பலர் மறுத்தார்கள். மறுப்பு நியாயமானதுதான். ஆனாலும் செவ்வாய்க் கிரகத்தை விட மேய்ப்பரின் தொழுவம் அந்தப் பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நம் பக்கத்தில் 1983இல் மதுறு ஓயாத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது, வேடர் குடும்பங்கள் காட்டைவிட்டு மகாவலிக் குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டன. முதுதலைவர் திசாஹாமி போக மறுத்துத் தம்பானைப் பக்கத்திலேயே இருந்துவிட்டார். வேட்டை தடையானது. ஆண்களுக்காகக் காத்திருந்து சாம்பல் குழைக்கும் வேளையும் அதனோடு போயிற்று. கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரிய வழியாகப் பதினெட்டு வளைவு வீதியில் இறங்கினால் மகியங்கனை, அதற்கு அப்பால் தம்பானை. பேராதனையில் தொல்லியல் படிக்கும் பிள்ளைகள் தாங்கள் எடுக்கும் ஓவியப் படங்களை முதலில் கொண்டுபோய்க் காட்ட வேண்டியது அங்குள்ள பாட்டிமாருக்குத்தான்.