நாற்றமும் தண்ணீரும்

பழந்தமிழில் நாற்றம் நல்ல சொல். மலரின் வாசனையை அப்படித்தான் சொன்னார்கள். திருக்குறளும் ஐம்புலன்களால் அறியப்படுபவற்றுள் ஒன்றை நாற்றம் என்றே குறிக்கிறது. பிற்காலத்தில் அந்தச் சொல் இழிந்து, கெட்ட வாடைக்கு மட்டும் உரியதாகிவிட்டது. யாழ்ப்பாணப் பேச்சில் மணத்துக்கும் ஏறக்குறைய அதே கதிதான். ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ‘மணக்குது’ என்றால், அருகே மல்லிகை பூத்திருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை.

ஒரே அறையில் வேலை செய்யும் ஒருவரின் உடல் வாடை எந்த வேலைத்தலத்திலும் எழக்கூடிய சிக்கல். நாளுக்கு எட்டு மணி நேரம் பக்கத்து மேசையில் இருப்பவருக்கு அது உண்மையான தொல்லை. ‘பொறுத்துக்கொள்’ என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அந்தக் குறையை யார், யாரைப் பற்றி, எந்தச் சொற்களில் சொல்கிறார்கள் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதன் சில முக்கியமான பக்கங்கள் நாம் வாழும் மொன்றியலிலேயே எழுதப்பட்டவை.

1885ஆம் ஆண்டு இந்நகரில் பெரியம்மை பரவியது. சிக்காகோவிலிருந்து வந்த புகையிரதத்தின் நடத்துநர் ஒருவர் நோயுடன் ஒத்தேல் தியூ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதில் அது தொடங்கிற்று. நகரில் மட்டும் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைப் பிரெஞ்சுக் கனடியர்கள். தொடக்கத்தில் பயன்படுத்தப்பட்ட தடுப்பூசி மருந்தின் ஒரு பகுதி கெட்டிருந்ததால் மக்களுக்கு அதில் நம்பிக்கை போயிருந்தது. ஆங்கிலப் பத்திரிகைகளோ இதைப் பிரெஞ்சுக்காரரின் அழுக்கும் அறியாமையும் என்று எழுதின. செப்டெம்பர் 28ஆம் திகதி கட்டாயத் தடுப்பூசிக்கு எதிராகக் கலவரம் மூண்டபோது, கூட்டம் ஆங்கிலப் பத்திரிகையான ‘ஹெரல்ட்’ அலுவலகத்தையும் தாக்கியது. இன்று நமக்கு வேலை தருபவர்களாகவும் நம் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களாகவும் இருப்பவர்களின் முன்னோர், அன்று தங்கள் சொந்த நகரில் ‘அழுக்கர்’ எனப்பட்டார்கள் என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை.

பதினோரு ஆண்டுகள் கழித்து ஹேர்பேர்ட் பிரவுன் ஏம்ஸ் என்ற ஆங்கில வணிகர், மலைக்குக் கீழேயிருந்த தொழிலாளர் பகுதியில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடத்தினார். ஏறத்தாழ 38,000 பேர் வாழ்ந்த பகுதி அது. பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டுக்கு வெளியே இருந்த குழிக் கழிப்பறைகளையே நம்பியிருந்தன என்று 1897இல் நூலாக வெளிவந்த அந்த ஆய்வு காட்டியது. குளிக்கும் அறை என்பது பலரும் கண்டிராத வசதி. நாள் முழுவதும் உருக்காலையிலும் துறைமுகத்திலும் வேர்த்துவிட்டு வருபவர் எங்கே குளிப்பார் என்ற கேள்விக்கு நகரம் மெதுவாகத்தான் பதில் சொன்னது. 1916இல் மெசோன்னேவ் பகுதியில் மோர்கன் குளியலகம், 1927இல் அம்ஹேர்ஸ்ட் வீதியில் ஜெனரே குளியலகம், 1931இல் சென் லோரான் வீதியில் ஷூபேர்ட் குளியலகம் என்று பொதுக் குளியலகங்கள் எழுந்தன. ஷூபேர்ட் என்பது இசைமேதையின் பெயரல்ல. யோசெப் ஷூபேர்ட் என்ற சோசலிச நகரசபை உறுப்பினரின் பெயர். ஜெனரே குளியலகம் 1996 முதல் தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்த வீதிக்கும் 2019இல் மொஹாக் மொழியில் உடன்பிறப்புகளைக் குறிக்கும் ‘அத்தாத்தேக்கன்’ என்ற பெயர் சூட்டப்பட்டது. அழுக்கு ஒரு மக்களின் குணம் என்று சொல்லப்பட்ட நகரில், குழாயும் சுடுநீரும் வந்த பிறகு அந்தக் ‘குணம்’ காணாமல் போயிற்று.

ஆனால் குளியல் வசதி பரவிய அதே காலத்தில் வெட்கமும் ஒரு சரக்காக விற்கப்படத் தொடங்கியது. அமெரிக்காவில் ‘ஒடோரோனோ’ என்ற வேர்வைத் தடுப்பு மருந்துக்கு 1919இல் வந்த விளம்பரம், பெண்ணின் அக்குளைப் பற்றி வெளிப்படையாகப் பேசியது. அதை வெளியிட்ட மாதர் சஞ்சிகையின் வாசகர்களில் ஏறத்தாழ 200 பேர் கோபத்தில் சந்தாவை நிறுத்தினார்கள். விற்பனையோ ஓராண்டில் இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. பின்னர் லீவர் நிறுவனத்தார் லைஃப்போய் சவர்க்காரத்தை ‘பி.ஓ.’ என்ற இரண்டு எழுத்துகளால் விற்றார்கள். உடல் வாடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது. நம் வீட்டுக் கிணற்றடியில் இருந்த அதே சிவப்புச் சவர்க்காரம்தான். நமக்கு அது கிருமியைக் கொல்லும் சவர்க்காரமாக அறிமுகமாயிற்று. வட அமெரிக்காவில் அச்சத்தோடு சேர்த்து விற்கப்பட்டது. சகாக்கள் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள், பதவி உயர்வு கைநழுவுகிறது, காரணம் உங்களுக்கு மட்டுமே தெரியவில்லை என்பது அந்த விளம்பரக் கதைகளின் சாரம். அலுவலகத்தில் இன்று நாம் உணரும் கூச்சத்தில் ஒரு பகுதி அந்தக் கதைகள் விட்டுச்சென்றது.

இந்த நகரத்துக்குத்தான் 1983க்குப் பிறகு நம்மவர்கள் வந்தார்கள். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 பேரில் பலரும் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்குமே வந்து சேர்ந்தனர். பலருக்கு முதல் வேலை உணவகத்தில் கோப்பை கழுவுவது. குசினி என்று ஊரில் நாம் சொன்ன சொல்லுக்குப் பிரெஞ்சில் நெருங்கிய உறவு உண்டு என்பதைப் பலரும் அங்கே அறிந்துகொண்டார்கள். பொரித்த எண்ணெயின் வாடை தலைமயிரில் ஏறும். பின்கதவருகே தொங்கும் குளிர்க்கோட்டிலும் ஏறும். குளிர்க்கோட்டைத் தினமும் தோய்க்க முடியாது, ஒன்றுதான் இருந்தது. இரண்டு அறை வீட்டில் ஐந்தாறு பேர். யன்னலைத் திறக்க முடியாத பனிக்காலத்தில் வெங்காயமும் கறித்தூளும் தாளித்தால் எல்லோருடைய உடுப்பிலும் அது தங்கும். காலையில் பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனது பலர் வீட்டில் சொல்லாத கதை.

வெளியே சொல்லப்பட்ட கதை வேறு. 1991 யூனில் ஓர்லேயோன் நகரில் பேசிய ஜாக் சிராக், அப்போது பரிஸ் நகர முதல்வர், உழைக்கும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் தன் மாடியில் குடியிருக்கும் குடியேறிகளின் இரைச்சலையும் வாடையையும் சகிக்க வேண்டியிருக்கிறது என்றார். பின்னர் அவர் நாட்டின் அதிபரானார். ‘இரைச்சலும் வாடையும்’ என்ற தொடர் பிரெஞ்சு பேசும் உலகமெங்கும் பிரபலமாயிற்று. தனியொருவரின் உடலைப் பற்றிய குறை ஓர் இனத்தின் அடையாளமாக மாறுவதற்கு ஒரே ஒரு மேடைப் பேச்சு போதுமாயிருந்தது.

மொன்றியலில் அந்த எல்லை எங்கே என்று சட்டம் சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் 2006இல் வந்தது. முதுகுப்பைகளும் பயணப்பைகளும் விற்கும் கலெகோ என்ற நிறுவனத்தில் சாப்பாட்டு அறையும் கழிவறையும் சுத்தமாக இல்லை என்று நிர்வாகத்துக்குக் குறை. அதன் தலைவர் சீன வம்சாவளித் தொழிலாளர்களைக் கூட்டி, சீனர்கள் பன்றிகளைப் போல் உண்கிறார்கள் என்றும், இது கனடா என்றும் பேசினார். அவமானப்பட்ட 15 பேர், இனவுறவு ஆய்வு-செயற்பாட்டு மையத்தின் துணையோடு முறைப்பாடு செய்தார்கள். மனித உரிமை ஆணையம் வழக்கை எடுத்துச் சென்றது. 2011இல் கியூபெக் மனித உரிமைத் தீர்ப்பாயம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இழப்பீட்டைக் குறைத்தாலும், நடந்தது பாகுபாடே என்ற முடிவை மாற்றவில்லை.

இத்தீர்ப்பை நான் வாசிப்பது இப்படி: குசினியைக் கழுவி வையுங்கள் என்று கேட்பதில் எந்தக் குற்றமும் இல்லை. கழுவாமல் விட்டவர் யார் என்று கேட்பதிலும் இல்லை. ஒரு கோப்பையைக் கழுவாததற்கு ஒரு நாட்டையே பொறுப்பாக்கும்போதுதான் அது குற்றமாகிறது. 1975ஆம் ஆண்டின் கியூபெக் உரிமைச் சாசனம் இனத்தையும் பூர்வீகத்தையும் போலவே மாற்றுத்திறனையும் பாதுகாக்கிறது. 2004 யூன் 1 முதல் வேலைத்தலத்தில் உளவியல் துன்புறுத்தலைத் தடுக்கும் கடமையும் முதலாளிக்கு உண்டு. மேசையில் ரகசியமாகச் சவர்க்காரத்தை வைத்துவிட்டுப் போவதும், மூக்கைப் பொத்திச் சிரிப்பதும், பெயரில்லாத கடிதம் எழுதுவதும் தொடர்ந்து நடந்தால் அவையும் அந்தச் சட்டத்தின் பார்வைக்கு வரக்கூடும்.

இந்த வரலாற்றில் நாம் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும்தான் என்று சொல்லி முடித்துவிட்டால் அது பொய்க் கணக்கு. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கிணற்றில் தண்ணீர் அள்ள விடவில்லை. மேல்சாதியார் யாராவது வந்து வார்க்கும்வரை குடத்தோடு காத்துநின்றார்கள். தேநீர்க்கடையில் அவர்களுக்குத் தனிப் பேணி. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தபின்னும் இது நீடித்தது; அறுபதுகளின் பிற்பகுதியில் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் போராட வேண்டியிருந்தது. கே. டானியலின் ‘தண்ணீர்’ நாவலின் பெயரே அதன் பொருளைச் சொல்லும். தண்ணீரை மறுத்துவிட்டு ‘ஊத்தையன்’ என்று ஏசியவர்களின் மொழியும் நம் மொழிதான். மலையகத்து லயங்களில் பல குடும்பங்களுக்கு ஒரு குழாய் என்று விட்டுவிட்டு, அம்மக்களின் சுத்தத்தைப் பற்றி யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பேசியவர்களும் நம்மவர்களே. ஏம்ஸ் கண்ட மொன்றியலுக்கும் இதற்கும் இடையில் கடல் இருக்கிறது, வேறுபாடு அதிகம் இல்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. கோப்பை கழுவியவர்களின் பிள்ளைகள் மேற்பார்வையாளர்களாகவும் ஆளணிப் பிரிவு அதிகாரிகளாகவும் இருக்கிறார்கள். சமூக ஊடகங்களில் தெற்காசியரின் உடல் வாடையைக் கேலி செய்யும் பதிவுகள் பெருகியிருக்க, புதிதாக வந்த மாணவர்களையும் அகதிகளையும் பற்றி நம் விருந்துகளிலேயே அதே பேச்சு கேட்கிறது. ‘நாங்கள் அப்படி இல்லை’ என்பது அதன் பல்லவி.

ஆகவே அலுவலகத்தில் முறைப்பாடு உங்கள் மேசைக்கு வரும்போது சில விடயங்களை நினைவில் வைப்பது நல்லது. புது வேர்வைக்கு வாடை ஏறக்குறைய இல்லை. அக்குள் சுரப்பிகளின் நீரைத் தோலிலுள்ள நுண்ணுயிரிகள் உடைக்கும்போதே அது பிறக்கிறது. பருத்தியைவிடப் பொலியெஸ்டர் உடுப்பில் வாடை கூடுதலாகத் தங்குவதை 2014இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நீரிழிவு, சில மருந்துகள், மீன் வாடையை உண்டாக்கும் அரிய பரம்பரைக் கோளாறு ஆகியவையும் காரணமாகலாம். துணி தோய்க்கும் இயந்திரம் வீட்டில் இல்லாததும், உறங்க இடம் இல்லாததும், மனச்சோர்வும் காரணமாகலாம். குளிக்காதது பல காரணங்களில் ஒன்று மட்டுமே.

எனவே பொறுப்பில் இருக்கும் ஒருவர் தனியறையில், கதவைச் சாத்திக்கொண்டு, நேராகவும் சுருக்கமாகவும் சொல்ல வேண்டும். ‘எல்லோரும் சொல்கிறார்கள்’ என்று ஆள் சேர்க்காமல், ‘நான் கவனித்தேன்’ என்று சொல்லலாம். உணவைப் பற்றியும் ஊரைப் பற்றியும் ஒரு சொல்லும் வரக்கூடாது. ஏதாவது உதவி தேவையா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். நோய் என்று சொன்னால் அதன் பெயரைத் துருவத் தேவையில்லை. காற்றோட்டமான இடம், மாற்றுடுப்பு வைக்க ஓர் அலுமாரி, வேலை நேரத்தில் சிறிய மாற்றம் என்று செய்யக்கூடியவை பல உண்டு. மற்றவர்களிடம், இது கவனிக்கப்படுகிறது என்பதோடு பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். யாருடன் பேசினீர்கள் என்பது கூட அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.