சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளித் தேர்வு

சிங்கப்பூரில் உயர்நிலை மாணவரை விரைவுநிலை, வழக்கநிலை எனப் பிரித்த முறை, கோ கெங் சுவீ தலைமையிலான கல்வி ஆய்வுக் குழுவின் 1979 அறிக்கையிலிருந்து வளர்ந்தது. படிப்பைப் பாதியில் விடுவோரைக் குறைக்க எழுந்த அம்முறை, பன்னிரண்டு வயதிலேயே பிள்ளைக்கு ஒற்றை முத்திரை குத்தியது. கணிதத்தில் சிறப்பவர் ஆங்கிலத்தில் தடுமாறலாம்; ஆகவே பாடவாரியாக நிலை வகுப்பதே நியாயம். 2024இல் உயர்நிலை 1இல் சேர்ந்தோர் முதல் பழைய பிரிவுகள் நீங்கின. பாடங்கள் ஜி1, ஜி2, ஜி3 நிலைகளில் அமைந்தன.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண்ணே (4 முதல் 32 வரை, குறைவே சிறப்பு) சேர்க்கையை இன்றும் தீர்மானிப்பதால், பெயர்தான் மாறியது என்பர் சிலர். ஆனால், சேர்ந்தபின் பாடநிலையை உயர்த்திக்கொள்ளலாம் என்பது மெய்யான மாற்றம். சேர்க்கைக்காக ஆறு பள்ளிகளை வரிசைப்படுத்தும் பெற்றோர், முந்தைய ஆண்டின் வெட்டுப்புள்ளியோடு (கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண்) பயண நேரத்தையும் எண்ண வேண்டும். தமிழ் படிக்கும் பிள்ளைக்கு, அப்பள்ளியில் தமிழ் வகுப்பு நடக்கிறதா என்பதும் முக்கியம். இல்லையேல் பிள்ளை பள்ளி முடிந்து உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடத்துக்குச் செல்ல நேரலாம்.