விடுமுறை நாளும் அரசும்: போயா வாரத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

ஒரு சமுதாயத்தின் நாட்காட்டி வெறும் நாட்கணக்கன்று. எந்நாளில் உழைப்பது, எந்நாளில் ஓய்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாரிடத்து இருக்கின்றது என்ற வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. 'மூலதனம்' முதற் பாகத்தில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தின் அடிக்குறிப்பொன்றிலே, புரட்டஸ்தாந்து மதம் மரபுவழிவந்த திருநாட்களிற் பெரும்பாலானவற்றை வேலைநாட்களாக மாற்றியமை மூலதனத்தின் தோற்றத்திற்குத் துணைபுரிந்தது என்று மார்க்ஸ் குறிப்பிடுகின்றார். இலங்கையின் அண்மைக்கால வரலாறு இதற்கு மறுதலையானதுபோலத் தோன்றும். இங்கே வேலைநாட்கள் ஒவ்வொன்றாகத் திருநாட்களாயின. ஆயினும் இம்மாற்றம் உழைப்போரின் நன்மையை முன்னிட்டு நிகழ்ந்ததா என்பது ஆராயத்தக்கது.

வேளாண்மைச் சமுதாயத்திற் பயிரின் பருவமும் கோயிலின் பருவமும் பெரும்பாலும் ஒன்றையொன்று தழுவியே அமைந்தன. தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் இன்றும் அத்தொடர்பின் சுவடுகளைத் தாங்கி நிற்கின்றன. ஏழு நாட்களுக்கொருமுறை வரும் கட்டாய ஓய்வை, அலுவலகங்களோடும் பண்டகசாலைகளோடும் இணைத்து வழமையாக்கியது குடியேற்றவாத ஆட்சி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் நாளாகவும் அதே வேளை நிருவாகத்தின் நாளாகவும் விளங்கிற்று. ஆளப்பட்டோரின் புனித நாட்களுக்கு அரசின் ஏட்டில் இடமிருக்கவில்லை.

இந்நிலையிலேதான் வெசாக் விடுமுறைக் கோரிக்கை எழுந்தது. 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையிற் பௌத்த ஊர்வலமொன்று கத்தோலிக்கரால் தாக்கப்பட்டது. இரு சமயத்தாரின் நாட்கள் ஒரே தெருவில் மோதிக்கொண்டன எனலாம். அதனைத் தொடர்ந்து கேணல் ஒல்கொட் 1884இல் இலண்டன் சென்று முறையிட்டார். 1885 ஏப்ரில் 28ஆம் நாள் வெசாக் பொது விடுமுறையாக அனுட்டிக்கப்பட்டது. பௌத்தக் கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டதும் அன்றே. குடியேற்றவாதத்தின் சமயப் பாரபட்சத்துக்கு எதிரான நியாயமான வெற்றி இது என்பதிற் சந்தேகமில்லை. எனினும் இவ்வெற்றியை முன்னின்று நடத்தியோர் சாராயக் குத்தகையாலும் காரீயத்தாலும் தென்னந்தோட்டங்களாலும் செல்வமீட்டி, தமக்கென ஒரு பண்பாட்டு முகவரியைத் தேடிக்கொண்டிருந்த புதிய வர்க்கத்தினரும் அவர்களின் ஆதரவில் இயங்கியோருமே என்பதும் மனங்கொளத்தக்கது. வேலை நேரத்தைக் குறைக்குமாறு அவ்வர்க்கத்தினர் கோரவில்லை. ஆள்வோரின் நாட்களுக்கு நிகராகத் தம் நாளும் மதிக்கப்படவேண்டும் என்பதே அவர்தம் வேண்டுகோளாயிருந்தது.

எண்பது ஆண்டுகளின் பின்னர் அதே தருக்கம் அதன் எல்லைவரை இழுக்கப்பட்டது. 1965இற் பதவிக்கு வந்த டட்லி சேனநாயக்காவின் அரசு விடுமுறைச் சட்டமொன்றை இயற்றி, 1966 சனவரி முதல் ஞாயிறு விடுமுறையை நீக்கியது. சந்திரனின் நான்கு நிலைகளுக்குரிய போயா நாட்களே வார ஓய்வு நாட்களாயின. போயாவுக்கு முந்திய நாள் அரைநாள் விடுமுறை. சந்திர மாதமோ ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாட்களைக் கொண்டது. அதனை நான்காகப் பகுத்தால் ஏழு நாட்களுக்கு மேலும் சில மணி நேரம் எஞ்சும். ஆகவே வாரம் சிலவேளை ஏழு நாட்களாகவும் சிலவேளை எட்டு நாட்களாகவும் நீண்டது. திங்கள், செவ்வாய் என்ற பெயர்கள் இருந்தன. அவற்றின் பொருள் கரைந்துபோயிற்று. கிறித்தவர் ஞாயிறு வழிபாட்டை வேலைக்குச் செல்வதற்கு முன்னரோ பின்னரோ வைத்துக்கொள்ள நேர்ந்தது. கொழும்புத் துறைமுகமும் வங்கிகளும் திறந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் உலகச் சந்தை மூடியிருந்தது. அது திறந்திருந்த நாட்களில் இவை மூடிக்கிடந்தன. பிரான்சியப் புரட்சியாளர் 1793இற் பத்து நாள் வாரத்தைப் புகுத்தியமை இங்கு நினைவுக்கு வருகின்றது. அவர்கள் தேவாலயத்தின் பிடியிலிருந்து காலத்தை மீட்க முயன்றார்கள். (அதனால் உழைப்பாளிக்கு ஏழிலொரு நாளாயிருந்த ஓய்வு பத்திலொரு நாளாகச் சுருங்கிற்று என்பது வேறு விடயம்.) இலங்கை ஆட்சியாளரோ காலத்தை ஒரு மதத்திடமிருந்து எடுத்து மற்றொன்றிடம் ஒப்படைத்தனர்.

ஏன் இதனைச் செய்தது ஐக்கிய தேசியக் கட்சி? மேலைநாட்டு மோகமும் கிறித்தவச் சார்பும் உடையதென 1956இல் மக்களாற் புறக்கணிக்கப்பட்ட அக்கட்சி, 1965இல் தமிழரசுக் கட்சியின் ஆதரவுடனேயே அரசமைத்தது. தன் பௌத்தப் பற்றை மெய்ப்பிக்கவேண்டிய நெருக்கடி அதற்கிருந்தது. போயா வாரம் தொடங்கிய அதே சனவரியில், 8ஆம் நாளன்று, தமிழ்மொழிப் பயன்பாட்டுக்கான ஒழுங்குவிதிகள் பாராளுமன்றத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒரு கையால் நிலவை வழங்கி, மறுகையால் மொழிக்குச் சிறிது இடமளிக்க அரசு எண்ணியது போலும். அன்று கொழும்பில் எழுந்த எதிர்ப்பில் பொலிஸார் சுட்டதிற் பிக்கு ஒருவர் உயிரிழந்தார், அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அவ்வெதிர்ப்பை ஒழுங்கு செய்தோருள் லங்கா சமசமாசக் கட்சியும் மொஸ்கோ சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியும் அடங்கும். இதனை நாம் மூடிமறைத்தல் ஆகாது. 1953 ஆகத்து 12ஆம் நாள் ஹர்த்தாலின்போது, அரிசி விலையுயர்வுக்கு எதிராக இனபேதமின்றி நாட்டை நிறுத்திக்காட்டிய இடதுசாரி இயக்கம், பதின்மூன்று ஆண்டுகளுக்குள் தமிழ்மொழிக்கு எதிரான அணியில் நின்றது. மக்கள் தாமே உண்டாக்கிய ஓய்வுநாளென்று சொல்லத்தக்க அந்த ஹர்த்தால் நாளுக்கு எந்த அரசின் நாட்காட்டியிலும் இடம் கிடைக்கவில்லை.

ஐக்கிய முன்னணி அரசு 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைச் சட்டத்தால் சனி, ஞாயிறு ஓய்வை மீட்டளித்தது. மதச்சார்பின்மைக் கோட்பாட்டின் வெற்றியென இதனைக் கொள்ளுதற்கில்லை. வணிகத்தின் நெருக்குதலே அங்கு மேலோங்கி நின்றது. பூரணைப் போயா நாட்கள் அனைத்தும் விடுமுறைகளாகவே நீடித்தன, இன்றும் நீடிக்கின்றன. அடுத்த ஆண்டு மே 22இல் நிறைவேறிய குடியரசு யாப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடத்தை அளித்தது. அவ்வாக்கத்துக்குப் பொறுப்பான அமைச்சர் சமசமாசத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. சந்தையின் தேவைக்கு ஞாயிறும் அரசின் நியாயப்பாட்டுக்குப் பூரணையும் எனக் காலம் இவ்வாறு பங்கிடப்பட்டது.

தொழிலாளரின் நாள் இப்பங்கீட்டில் என்னவாயிற்று? மே தினத்தைப் பொது விடுமுறையாக்கியது 1956இன் பண்டாரநாயக்கா அரசு. வீதியிற் பொருதிப் பெற்ற நாள் அரசின் கொடையாக மாறியதும் அதனை இடம்பெயர்க்கும் உரிமையையும் அரசு தனதாக்கிக்கொண்டது. 1969இல் வெசாக் காலத்தைக் காரணங்காட்டி மே முதலாம் நாள் ஊர்வலங்கள் தடைசெய்யப்பட்டன. நா. சண்முகதாசன் தலைமையிலான கம்யூனிஸ்ட் கட்சியினர் தடையை மீறினர். யாழ்ப்பாணத்தில் ஊர்வலம் சென்றோர் பொலிஸாரின் தடியடிக்கு ஆளாயினர். ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் இத்தருக்கம் மாறவில்லை. 2018இல் வெசாக் வாரத்தை முன்னிட்டு மே தின விடுமுறை 7ஆம் நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. சர்வதேசத் தொழிலாளரின் நாள் ஒரு நாட்டில் மட்டும் ஆறு நாள் பிந்தி வரலாம் என வர்த்தமானி அறிவித்தமை வரலாற்றின் கேலிகளுள் ஒன்று.

தேசிய நாள் பற்றிச் சிலவே சொல்லலாம். 1948 பெப்ரவரி 4ஐ இடதுசாரிகள் போலிச் சுதந்திரமெனப் புறக்கணித்தனர். 1957இன் அதே நாளில் திருகோணமலையிற் கறுப்புக்கொடி ஏற்ற முயன்ற நடராசன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு தேசத்தின் விழாநாள் அத்தேசத்தில் வாழும் ஒரு சாராரின் துக்க நாளாகும்போது, குறை விழாவிலன்று, தேசத்தின் வரையறையிலேயே உள்ளது.

அவ்வரையறைக்கு முற்றிலும் வெளியே தள்ளப்பட்டவர்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர். சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிற்று. விடுமுறையின் வர்க்கத்தன்மையை அவர்களிடத்தே தெளிவாகக் காணலாம். நம் நாட்காட்டிகளில் ஒரே நாளுக்குப் பொது, வங்கி, வர்த்தகம் என வெவ்வேறு குறிகள் இடப்பட்டிருக்கும். தீபாவளி பொது விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறையன்று. அரச உத்தியோகத்தர் சம்பளத்துடன் ஓய்ந்திருக்க, அதே சமயத்தவரான கடைச் சிப்பந்திக்கு அந்நாள் சட்டப்படி உரித்தானதன்று. தோட்டத்திலோ தீபாவளி 'முற்பணம்' என்ற வடிவில் வருகின்றது. புத்தாடைக்கும் பலகாரத்துக்குமாகப் பெறும் அத்தொகை பின்வரும் மாதங்களின் சம்பளத்திலிருந்து சிறிது சிறிதாகக் கழிக்கப்படும். அடுத்த தீபாவளி நெருங்குகையில் முற்பணத்தின் அளவு குறித்தே தொழிற்சங்கங்கள் அறிக்கை விடுகின்றன. திருநாளைக் கொண்டாடுவதற்கான கடனை அதிகரிக்குமாறு கோருவது தொழிலாளரின் உரிமைப் போராட்டமாகத் தோற்றமளிக்கின்றது. அந்த ஒரு நாளின் செலவை, கொழுந்து நிறுக்கும் தராசின்முன் ஆண்டு முழுவதும் நின்று அவர்களே செலுத்தி முடிக்கின்றார்கள்.