ஊழியமும் ஓய்வுநாளும்

அகவிலைப்படி உயர்வு பற்றிய செய்தி நாளிதழில் வெளிவரும்போதெல்லாம் நம்மை 'மத்திய அரசு ஊழியர்' என்று குறிப்பிடுகின்றனர். ஞாயிறன்று ஆலயத்திற்குச் சென்றால், அங்கே போதகரின் பணிக்கு 'ஊழியம்' என்று பெயர். ஒன்று சம்பளத்தோடு கூடியது; மற்றொன்று புண்ணியத்தோடு கூடியது. ஆயினும், நாம் பிழைக்க வந்து குடியேறியிருக்கும் இத்திருவனந்தபுரத்தில், பழைய திருவிதாங்கூர் அரசின் காலத்தில், அதே சொல்லுக்கு இவ்விரண்டும் இல்லாத மூன்றாவது பொருள் ஒன்று வழங்கிற்று. கூலியின்றிச் செய்தாக வேண்டிய கட்டாய வேலையே அந்நாளைய ஊழியம்.

அது யாருக்கு விதிக்கப்பட்டதெனின், நாடார், ஈழவர், பறையர், புலையர் முதலாய எளிய மக்களுக்கே. சர்க்காரின் உப்பையும் நெல்லையும் சுமத்தல், அரண்மனைக்கும் கோயிலுக்கும் ஊட்டுப்புரைகளுக்கும் விறகும் காய்கறியும் கொண்டு சேர்த்தல், யானைகளுக்குப் பனையோலை வெட்டிக் கொடுத்தல் என்று அப்பட்டியல் நீளும். ஆறாண்டுக்கு ஒருமுறை ஐம்பத்தாறு நாள் நடைபெறும் முறைஜபத்திற்குப் பண்டங்கள் திரட்டப்படும் காலத்தில் சுமை இன்னும் கூடும். பிரவிருத்திக்காரர் ஆளனுப்பினால் வயலில் நின்றவன் வயலிலிருந்தே போக வேண்டியதுதான். அறத்திற்குப் பெயர்பெற்ற இந்நாட்டைப் பற்றிச் சாமுவேல் மட்டீர் என்னும் மிஷனெரி 1871இல் வெளியிட்ட ஆங்கில நூலுக்கு 'அறநிலம்' என்று பொருள்படும் பெயரையே சூட்டினார். ஊட்டுப்புரையில் உண்டவருக்கு அது அறநிலமாகவே இருந்திருக்கும். விறகு சுமந்தவரை யார் கேட்டார்? அம்மட்டீரின் நினைவாக 1906இல் எழுந்த ஆலயத்தைத்தான் பாளையத்தில் எம்.எம். சர்ச் என்று நாம் அன்றாடம் கடந்து செல்கிறோம்.

இத்தகைய நாட்டில் வேதாகமத்தின் ஒரு கட்டளை வந்து நுழைந்த வரலாறே நாம் இங்குக் கூற விழைவது.

நாகர்கோயிலுக்குக் கிழக்கே மயிலாடி என்றோர் ஊர். அவ்வூரினரான மகாராசன் என்பார் தஞ்சையில் கிறிஸ்தவ நெறியைத் தழுவி வேதமாணிக்கம் ஆனார். அவருடைய அழைப்பினால் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த ரிங்கல்தௌபே 1806இல் அவ்வூரை அடைந்தார். 1809இல் அங்கே ஆலயம் எழுந்தது. மக்களும் திரண்டு வந்தனர். ஆனால் ரிங்கல்தௌபேயின் மனம் அமைதியுறவில்லை. ஊழியத்தினின்றும் தலைவரியினின்றும் தப்பலாம் என்னும் ஆசையாலன்றோ இவர்கள் வருகிறார்கள் என்று அவர் ஐயுற்றார். உலகப் பயன் கருதி வருவோரை ஞானஸ்நானத்திற்கு எளிதில் ஏற்றுக்கொள்ளவும் அவர் மனம் ஒப்பவில்லை.

அவருடைய நேர்மையை நாம் மதிக்கிறோம். எனினும் அவ்வையத்தை முழுதும் ஏற்க நம்மால் இயலவில்லை. காரணம் வேதாகமத்திலேயே உள்ளது. ஓய்வுநாளைப் பற்றிய கட்டளை (நம்மவர் நான்காவது என்பர், கத்தோலிக்கர் மூன்றாவது என்பர்) ஈரிடங்களில் வருகிறது. யாத்திராகமம் இருபதாம் அதிகாரம், ஆண்டவர் ஆறுநாளில் உலகைப் படைத்து ஏழாம்நாள் ஓய்ந்ததைக் காரணமாகக் காட்டுகிறது. உபாகமம் ஐந்தாம் அதிகாரமோ வேறொரு காரணம் கூறுகிறது. எகிப்தில் நீயும் அடிமையாய்க் கிடந்தாய், அதனை மறவாதே, ஆதலின் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாறட்டும் என்பது அதன் கருத்து. மாட்டுக்கும் கழுதைக்கும்கூட அங்கே ஓய்வு உண்டு. அவ்வாறாயின், வாரத்தில் ஒருநாளேனும் சுமையை இறக்கி வைக்கலாம் என்று ஆலயத்திற்கு வந்தவன் உலகப் பயன் கருதி வந்தவனா? அக்கட்டளையை யாரை எண்ணி மோசே உரைத்தாரோ, அவனே அதனைச் சரியாகக் கேட்டவன் என்பது நம் துணிபு.

ரெசிடெண்டாகவும் திவானாகவும் விளங்கிய கர்னல் மன்றோவின் காலத்தையொட்டி, கிறிஸ்தவர்களைக் கோயில் சார்ந்த ஊழியத்தினின்றும் ஞாயிற்றுக்கிழமை வேலையினின்றும் விலக்கும் சலுகை கிடைத்தது. ஆனால் ஆணை வேறு, நடப்பு வேறு. மேலிடத்துச் சுற்றறிக்கை கீழிடத்துக்கு வருமுன் எவ்வாறு மெலிந்து போகும் என்பதைக் கோப்புகளோடு வாழும் நமக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. 1827 முதல் 1829 வரை தென்திருவிதாங்கூரில் கலகம் மூண்டபோது வழிபாட்டிடங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. தோள்சீலை அணிந்த பெண்கள் அவமதிக்கப்பட்டனர். ஞாயிறென்றும் பாராமல் மக்கள் வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். தோள்சீலைப் போராட்டம் 1859 ஜூலை 26ஆம் நாள் அறிக்கையோடு ஒருவாறு ஓய்ந்ததை யாவரும் அறிவர். 1847இல் மிஷனெரிகள் அடிமைகளுக்காக அரசரிடம் விண்ணப்பித்ததும், 1855இல் அடிமை ஒழிப்பு அறிக்கை வந்ததும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஊழியம் மட்டும் ஒரே நாளில் ஒழியவில்லை. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் சிறிது சிறிதாகத் தேய்ந்தது.

இக்குறையை எடுத்துரைத்தவர் கிறிஸ்தவர் மட்டுமல்லர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சாமிதோப்பு வைகுண்ட சுவாமிகள் ஊழியத்தையும் வரியையும் கண்டித்தமையால் இந்நகரின் சிங்காரத்தோப்பில் சிறை வைக்கப்பட்டார்.

இவ்வளவு வெறுப்புக்குரிய சொல் ஆலயத்துள் எவ்வாறு உயர்ந்தது? ரோமருக்கு எழுதிய நிருபத்தின் தொடக்கத்தில் பவுல் தம்மை அடிமை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் குறிக்கிறார். தமிழ் வேதாகமம் அதனை 'ஊழியக்காரன்' என்கிறது. ஆறுநாளும் சர்க்காருக்கு ஊழியஞ் செய்து முதுகு கன்றியவர்கள் ஏழாம்நாள் அச்சொல்லைக் கேட்டபோது என்ன எண்ணினரோ! கூலியில்லாத வேலை எதுவென்று அவர்களைவிட நன்கறிந்தவர் யார்? நாம் அச்சொல்லை இன்று மிக எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

இவற்றையெல்லாம் வாசித்துக் குறிப்பெடுத்துக் கொண்டிருந்த நாட்களில், நம் இல்லத்தில் பாத்திரம் துலக்கவரும் அம்மையார் ஒருநாள் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். ஞாயிறு காலை அவருடைய ஊர்க் கோயிலிலும் எட்டு மணிக்கே பூசையாம்; அன்று மட்டும் நேரங்கழித்து வரலாமா என்றார். நாம் ஆலயத்தில் அமர்ந்திருந்த அதே வேளையில் அவர் நம் அடுக்களையில் நின்றிருக்கிறார். இரண்டாண்டுகளாக ஒவ்வொரு ஞாயிறும் அவ்வாறே. நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது ஞாயிறன்று அவர் வருவதில்லை. சம்பளத்தில் குறைவும் இல்லை. ஆலயத்திலிருந்து திரும்பியதும் நாமும் பிள்ளைகளும் பாத்திரங்களோடு அமர்கிறோம். மீன்சட்டியின் அடிப்பற்றை எடுப்பது அத்துணை எளிதன்று. முதல் வாரத்தில் இரண்டு முறை தேய்த்தும் போகவில்லை.