இலக்கணப் பெயர்கள் யார் சொத்து?

சென்ற விடுமுறையில் புக்கிட் பாத்தோக்கிலுள்ள நமது தங்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். உயர்நிலைப் பள்ளியிற் பயிலும் அவள் மகள் தமிழ்ப் பாட ஏட்டை நம் முன் விரித்து, "மாமா, வினையெச்சம் என்பதை மனப்பாடம் செய்துவிட்டேன், பொருள்தான் விளங்கவில்லை" என்றாள். தோட்டத்தில் பெரட்டுக் கணக்கெழுதும் கிராணியாகிய நாம் விடை கூற இயலாது விழித்தோம். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நமக்கு நௌன், வெர்ப் என்பன நாவில் நின்றன. தாய்மொழியின் இலக்கணப் பெயர்களோ பண்டிதர் சொத்தென்றே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையென்பதை, அப்பெயர்களின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது உணர்ந்தோம்.

இன்று நமக்குக் கிடைக்கும் தமிழ் நூல்களுள் மிகப் பழைய இலக்கணம் தொல்காப்பியம். எழுத்து, சொல், பொருள் என்னும் 3 அதிகாரங்களும், அதிகாரத்திற்கு 9 இயல்களுமாக அது அமைந்துள்ளது. அந்நூல் வழங்கும் பெயர்களை நோக்குமின்! உயிரின்றி உடல் இயங்காது. அதுபோல 12 உயிரெழுத்துக்களின் துணையின்றி 18 மெய்யெழுத்துக்களும் இயங்கமாட்டா. மெய் என்றால் உடல் என்பதை அறியாத தமிழருண்டோ? வாக்கியம் எழும் இடம் எழுவாய். அது பயன் தந்து நிலைபெறும் இடம் பயனிலை. மரம், மரத்தை, மரத்தால் என ஒரு பெயரின் பொருளை வேறுபடுத்துவது வேற்றுமை. இவை யாவும் வீட்டிலும் வயலிலும் வழங்கிய சொற்களிலிருந்து பிறந்தவையே.

அடுத்து, இந்நெறியை வளர்த்தோர் யாவர் எனக் காண்போம். 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரர் பௌத்தர். தாது, தத்திதம் முதலிய வடமொழிப் பெயர்களை அவர் மிகுதியாகக் கையாண்டார். அவற்றுட் பல மாணவர் நாவில் நிலைக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில், சீயகங்கன் என்னும் தலைவன் வேண்ட, நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சமணர். சந்தி, விகாரம் போன்ற வடசொற்கள் அவர் நூல்வழி இன்றும் வகுப்பறையில் வழங்குகின்றன. 1730இல் தொன்னூல் விளக்கம் எழுதிய வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்த கிறித்துவப் பாதிரியார். 19ஆம் நூற்றாண்டில், சூத்திரங்களிற் கிடந்த இலக்கணத்தை எளிய உரைநடையில் இலக்கணச் சுருக்கமாகத் தந்த ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்துச் சைவர். இத்தனை சமயத்தார் கைபட்டு வளர்ந்த ஒன்றை ஒரு கூட்டத்தார் தமதென்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

நமது சிங்கப்பூரும் இதற்குச் சான்று பகரும். கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் இங்கு ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவி, சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரை அதற்குச் சூட்டினர். தொழிலாளர் மக்களும் வணிகர் மக்களும் தமிழ்வழி பயின்ற அப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. மறு ஆண்டே அப்பெயரால் தமிழ்மொழி நிலையம் ஒன்று தோன்றியது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மொழியாயிற்று. தமிழ் ஒரு பாடமாக நிற்கின்றது. கிடைக்கும் சில மணி நேரத்தையும் பொருளறியா மனப்பாடத்தில் கழிப்போமாயின், நம் குழந்தைகள் தமிழைச் சுமையென்றே கருதுவர்.

நன்னூல், பெயர்களை இடுகுறி, காரணம் என இருவகைப்படுத்தும். இலக்கணப் பெயர்கள் பெரும்பாலும் காரணப்பெயர்களே. காரணத்தைச் சொல்லாது பெயரை மட்டும் சொல்லிக்கொடுப்பதே நாம் செய்யும் தவறு.

மறுநாட் காலை அச்சிறுமியை அழைத்து, "வந்து" என்று கூறி நிறுத்தினோம். "வந்து...? பிறகு என்ன, மாமா?" என்றாள். "நீ கேட்கும் அந்தப் 'பிறகு என்ன'தான் எச்சம். கணக்கில் மிச்சம் நிற்பதுபோல, இங்கே ஒரு வினை மிச்சம் நிற்கின்றது. வந்து போனான், வந்து உண்டான் என்று அவ்வினை வந்தால்தான் சொல் நிறையும்" என்றோம். அவள் சற்றுச் சிந்தித்து, "அப்படியானால், 'வந்த' என்று நிறுத்தினால் ஒரு பெயர் மிச்சமா?" என்று வினவினாள். பெயரெச்சத்தை நாம் அவளுக்குக் கற்பிக்கவே வேண்டியிருக்கவில்லை.

தோட்டத்திலும் நகரத்திலும் வாழும் பெற்றோர்களே! உங்கள் குழந்தைகள் ஓர் இலக்கணப் பெயரை ஒப்புவிக்கும்போது, அதற்கு அப்பெயர் ஏன் வந்ததென்று ஒருமுறை கேளுங்கள். அவர்கள் அறியாவிடின், அவர்களோடு அமர்ந்து நீங்களும் தேடுங்கள். பண்டிதராக வேண்டுவதில்லை, தமிழராயிருத்தலே போதும்.