நிலைத்தலும் நிலுவையும்

மளிகைக் கடையில் மாதக் கணக்குப் பார்க்கும்போது, "இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று கேட்கிறோம். ஜனாஸா வீட்டில் சந்தூக்கைத் தூக்குமுன் மகனோ சகோதரனோ எழுந்து நின்று, மறைந்தவர் யாருக்கேனும் பாக்கி வைத்திருந்தால் தம்மிடம் பெற்றுக்கொள்ளுமாறு அறிவிப்பதையும் கேட்கிறோம். அதே நாவினால், அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களை ஓதுங்கால் 'யா பாகீ' என்றும் அழைக்கிறோம். என்றும் நிலைத்திருப்பவனைக் குறிக்கும் சொல்லும், தீராத கடனைக் குறிக்கும் சொல்லும் ஒன்றே என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

நாம் நித்தியம் என ஒரு சொல்லால் சுட்டுவதை அரபு மொழி பல சொற்களாகப் பகுத்து வைத்துள்ளது. தொடக்கமற்ற முன்மைக்கு 'அஸல்' என்பது பெயர். முடிவற்ற பின்மைக்கு 'அபத்' என்பது பெயர். ஹிஜ்ரி 816இல் (கி.பி. 1413) மறைந்த செய்யித் ஷரீஃப் ஜுர்ஜானீ (ரஹ்) அவர்கள் தம் 'தஃரீஃபாத்' என்னும் நூலில் இவ்விரண்டையும் இவ்வாறே பிரித்துக் காட்டுகிறார்கள். சுவன வாழ்வின் அழியாமையை 'குல்த்' என்பர். நீண்டு செல்லும் பெருங்காலம் 'தஹ்ர்' ஆகும். மற்றவை மறைந்த பின்னும் எஞ்சி நிற்றல் 'பகா' ஆகும். அவ்வாறு எஞ்சி நிற்பவனே 'பாகீ'.

இச்சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அறியாமைக் காலத்து அரபிகள் மரணத்துக்கும் இழப்புக்கும் தஹ்ரையே காரணமாக்கினர். தங்களைக் காலமே அழிக்கிறது என அவர்கள் பேசியதைத் திருமறையின் 45ஆம் அத்தியாயம் எடுத்துக்காட்டி மறுக்கிறது. காலத்தை ஏசலாகாது எனப் பெருமானார் (ஸல்) அவர்களும் தடுத்தார்கள். "காலம் கெட்டுவிட்டது" என்று பெருமூச்செறியும் நமக்கும் அத்தடை பொருந்தாமற் போகாது.

அஸலும் அபதும் அறிஞர் அவைக்குச் சென்றன. உலகம் தொடக்கமற்றதா, முடிவற்றதா என்னும் வழக்கில், இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் கி.பி. 1095இல் நிறைவு செய்த 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா'வின் இருபது வினாக்களுள் முதல் இரண்டையும் இவற்றுக்கே ஒதுக்கினார்கள். கி.பி. 1198இல் மறைந்த ஸ்பெயின் நாட்டு இப்னு ருஷ்து அதற்கு மறுப்பு எழுதினார். இன்றைய அரபுக் கடைத்தெருவிலோ 'அபதன்' என்றால் "ஒருபோதும் இல்லை" என்று பொருள். வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய நம் பிள்ளைகள் அதனை நன்கறிவர்.

பாகீ என்பது கணக்கேட்டின் வழியே நம்மிடம் வந்தது. கடலோடி வந்த அரபு வணிகர் காயலிலும் கீழக்கரையிலும் இறக்கிவிட்டுச் சென்ற சொல் இது எனச் சிலர் கருதக்கூடும். ஆனால் அதன் தோழமைச் சொற்களைப் பாருங்கள்: வசூல், வஜா, தாசில்தார், ஜமாபந்தி. யாவும் வரித் தண்டலுக்குரியவை. முகலாயர், ஆர்க்காட்டு நவாபுகள் ஆகியோர் காலத்தில் வருவாய்க் கணக்குப் பாரசீகத்தில் எழுதப்பட்டது. 1801இல் கர்நாடக ஆட்சியைக் கைக்கொண்ட கும்பினியாரும் அச்சொற்களைக் கைவிடவில்லை. தண்டியது போக எஞ்சியது பாக்கி எனப்பட்டது. உழவனின் நிலுவையாகவும், பின்னர்க் கடைக்காரரின் வரவேண்டிய தொகையாகவும் ஆயிற்று. ஆகவே இது துறைமுகத்தைவிடத் தாலுகாக் கச்சேரி வழியே ஊருக்குள் நுழைந்தது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

இதனால் சொல்லின் மதிப்புக் குறைந்துவிட்டதா? இல்லை என்போம். கணக்கிலும் சரி, கலிமாவைச் சார்ந்த அறிவிலும் சரி, அதன் மூலப்பொருள் ஒன்றே: கழித்தபின் எஞ்சுவது. பெருமானார் (ஸல்) அவர்களின் இல்லத்தில் ஓர் ஆடு அறுக்கப்பட்டு, இறைச்சி பங்கிடப்பட்டது. எஞ்சியது என்ன என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, தோள்பகுதி மட்டுமே என்றார்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள். அத்தோளைத் தவிர மற்ற அனைத்துமே எஞ்சியுள்ளன எனத் திருத்தினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். திர்மிதீயில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியில் இருவர் சொல்லிலும் பயின்று வருவது பகாவின் வினைச்சொல்லே. கொடுத்ததே நிலைக்கும் என்னும் பேருண்மை ஒரு வீட்டுக் கணக்கில் விளங்கிவிட்டது.

கொடுக்க வேண்டியதைக் கொடாது விட்டாலோ அதுவும் நிலைத்துவிடுகிறது! சில தீனார்கள் கடன்பட்டு இறந்த ஒருவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தாமே தொழுவிக்காது தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனை ஏற்ற பின்னரே தொழுவித்தார்கள். இது புகாரீயில் உள்ள செய்தி.

ஜனாஸா வீட்டு அறிவிப்பை நாம் சடங்கெனக் கேட்டுக் கலைந்துவிடுகிறோம். மறுநாள் கடைக்காரர் தயங்கித் தயங்கி வாசலில் வந்து நின்றால், "இப்போது என்ன அவசரம்?" என முகம் சுளிப்போரையும் கண்டிருக்கிறோம். பாகீ என்று இறைவனை அழைக்கும் நா, பாக்கி என்று கேட்கும் எளியவரைக் கடிந்து பேசலாமா? உயிர் உள்ளபோதே கணக்கைத் தீர்ப்போம். ஏட்டில் பாக்கி இராத வீட்டில், பாகீயான அவனை மன நிம்மதியோடு அழைக்கலாம்.