ஜார்ஜ் சின்னரி: மதராஸ் கரையிறங்கிய உருவப்பட ஓவியர்

ஜார்ஜ் சின்னரி 1774-ல் லண்டனில் பிறந்தார். கையெழுத்துப் பயிற்றுவிப்பது அவருடைய குடும்பத் தொழில். 1792-ல் ராயல் அகாடமி ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் டப்ளின் சென்று செல்வந்தர்களின் உருவப்படங்களை வரைந்து பெயர் பெற்றார். 1799-ல் அங்கேயே மணம் முடித்து, இரண்டு குழந்தைகளுக்குத் தந்தையானார். 1802-ல் குடும்பத்தை விட்டுவிட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியோடு ‘கில்வெல்’ என்ற கப்பலில் ஏறி, அவ்வாண்டு டிசம்பரில் மதராஸ் வந்தார். கம்பெனி ஊழியரான அவருடைய சகோதரர் ஜான் அப்போது இங்கிருந்தார்.

அன்று மதராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து விலகி நங்கூரமிடும். பயணிகளையும் சரக்கையும் மசூலா படகுகள்தான் அலைகளைத் தாண்டிக் கரை சேர்த்தன. ஆணி அடிக்காமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதும்போது பலகைகள் வளைந்துகொடுக்கும் என்பதால் படகு உடையாது. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அந்த நுரையலையில் தாக்குப்பிடிக்காது. தவறி விழுபவர்களைத் தூக்கிவிடக் கட்டுமரக்காரர்கள் கூடவே வருவார்கள். கம்பெனி வணிகம் முழுவதும் இந்தப் படகோட்டிகளின் கைத்திறனையே நம்பியிருந்தது. ராயபுரத்தில் புனித பேதுரு ஆலயத்தை எழுப்பியவர்களும் இப்படகோட்டிச் சமூகத்தினரே.

சின்னரிக்கு முன்பும் ஓவியர்கள் பிழைப்புத் தேடி இக்கரையில் இறங்கியதுண்டு. 1769-ல் வந்த டில்லி கெட்டிலும், 1774 முதல் 1780 வரை இங்கிருந்த ஜார்ஜ் வில்லிசனும் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் படங்களை வரைந்து பொருளீட்டினார்கள். சின்னரி வந்தபோது அந்த வாய்ப்பு போய்விட்டது. 1801-ல் கம்பெனி கர்நாடகத்தின் ஆட்சியைத் தன்வசமாக்கிக்கொண்டதால், நவாபின் தர்பார் புரவலராக இருந்த காலம் முடிந்தது. இனி ஓவியரின் வாடிக்கையாளர்கள் கம்பெனி அதிகாரிகள், படைத்தலைவர்கள், வணிகர்கள்தாம். ஊரிலிருக்கும் தாய்க்கோ மனைவிக்கோ அனுப்ப அவர்களுக்குப் படம் தேவைப்பட்டது. அதற்குத் தந்தத் தகட்டில் வரையும் சிற்றுருவப்படம் ஏற்றது. கப்பலில் எளிதாகப் போய்ச் சேரும். சின்னரி அதில் தேர்ந்தவர். எனினும் மதராஸில் அவருக்குப் போட்டியாகத் தாமஸ் ஹிக்கி இருந்தார். 1798 முதல் இங்கு தொழில் நடத்திவந்த அவர் மூத்தவர், அனுபவசாலி.

சின்னரியின் மதராஸ் ஆண்டுகளில் தலைசிறந்த படம் 1805-ல் தீட்டியது. ஹைதராபாதில் கம்பெனியின் பிரதிநிதியாக (ரெசிடென்ட்) இருந்த ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக்குக்கும் கைருன்னிஸாவுக்கும் பிறந்த இரு குழந்தைகள், இங்கிலாந்து செல்லக் கப்பலேறுவதற்காக மதராஸ் கொண்டுவரப்பட்டார்கள். ஐந்து வயதுகூட ஆகாத அந்தப் பிள்ளைகளை ஹைதராபாத் உடையிலேயே பெரிய எண்ணெய் ஓவியமாக வரைந்தார் சின்னரி. அவ்வாண்டு அக்டோபரில் தந்தை கல்கத்தாவில் இறந்தார். பிள்ளைகள் தாயை மறுபடி பார்க்கவேயில்லை. ஒரு குடும்பம் பிரிந்த தருணத்தைப் பதிந்துவைத்ததால், அந்த ஓவியம் சின்னரி வரைந்த அதிகாரிகளின் படங்களைவிட ஆழமானது.

கூலிக்கு முகங்களை வரைந்த நேரம் போக, அவர் கடற்கரைக்குப் போய்ப் படகுகளையும் கட்டுமரங்களையும் உழைப்பாளிகளையும் வரைந்தார். குறிப்பேட்டில் படத்தருகே கர்னி சுருக்கெழுத்தில் தேதியும் குறிப்பும் எழுதிவைப்பது அவர் வழக்கம். எந்தப் புரவலரும் கேட்காத படங்கள் இவை.

1807-ல் தலைமை நீதிபதி ஹென்றி ரஸ்ஸலை வரைய அவர் கல்கத்தா சென்றார். சில ஆண்டுகளில் அந்நகரின் முதன்மை ஓவியரானார். வருமானம் பெருகியது, செலவு அதைவிட வேகமாகப் பெருகியது. 1818-ல் மனைவி மரியான் வந்து சேர்ந்தும் இல்லறம் நிலைக்கவில்லை. கடன்காரர்களுக்கு அஞ்சி டேனியர் வசமிருந்த செராம்பூரில் தங்கியவர், 1825-ல் மக்காவு போய்விட்டார். அங்கும் கான்டனிலும் வணிகர்களை வரைந்து பிழைத்தார்; கான்டனில் லாம்குவா என்ற சீன ஓவியர் அவருடைய பாணியைக் கற்றுக் குறைந்த விலைக்குப் படம் வரைந்து போட்டியானார். சின்னரி இந்தியாவுக்கோ இங்கிலாந்துக்கோ திரும்பாமல் 1852 மே 30 அன்று மக்காவுவில் இறந்தார்.

அவர் வரைந்த மதராஸ் கரை இன்று இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா விரிந்தது; வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் நிலத்தை அரித்தது. மசூலா படகுகளும் தொழிலிழந்தன. வடசென்னையின் வரலாற்றை எழுதுவோர் துறைமுகப் பொறியாளர்களின் அறிக்கைகளோடு, இந்த ஓவியங்களையும் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும்.